விளக்குக்கு எர்த் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு

கட்டட ஒப்பந்ததாரர்களுக்கும், மின்பணி மேற்பார்வையாளர்களுக்கும், சீலிங் விளக்குகளைத் தயாரித்து விற்பவர்களுக்கும்,

"லைட் பாயிண்டுகளுக்கு இரண்டு வயர் போதும். எர்த், பிளக் பாயிண்டுகளுக்கு மட்டும்." நான் வேலை பார்க்கும் ஒரு கட்டடத்தின் வரைபடத்தில் இப்படி ஒரு குறிப்பு கையெழுத்தோடு வந்திருக்கிறது. எர்த் என்பது விளக்கின் உலோக உடலை மண்ணோடு இணைக்கும் மூன்றாவது வயர், பச்சை வயர். வாய்வார்த்தையாக இதைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். எழுத்தில் வந்தால் அதுவே வழக்கமாகிவிடும். அடுத்த கட்டடத்துக்கும் அதே தாள்தான் போகும். நான் வயர்மேன். புது விளக்கை மாட்டுவதும் பழையதைக் கழற்றுவதும் என் வேலை. மாட்டிய விளக்கில், சீலிங்கை ஒட்டி வயர் இணைப்பை மூடும் மேல்கப்புக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிறகு பார்க்கிற ஆள் பெரும்பாலும் என்னைப் போன்ற ஒருவர்தான். அங்கே பார்த்ததை உங்களுக்குச் சொல்லாமல் இந்தக் குறிப்பின்படி வேலை செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை.

காரணம் கேட்டபோது இரண்டு சொன்னார்கள். செலவு குறையும், விளக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் யாரும் தொடமாட்டார்கள். செலவைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. பைப்பில் இரண்டு வயர் இழுக்கும்போதே மூன்றாவதையும் சேர்த்து இழுக்க ஆகும் கூடுதல் உழைப்பு மிகக் குறைவு. ஆள் குடிவந்தபின் அதே பைப்பில் தனியாக ஒரு வயரை நுழைப்பது பெரும்பாடு, பல இடங்களில் முடியவே முடியாது. இன்று மிச்சமாவது வயர். அதற்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது பின்னால் யாராலும் சரிசெய்ய முடியாத ஒன்றை.

உயரத்துக்கு வருகிறேன். எட்டாத உயரம் என்பது ஏணி இல்லாதவருக்குத்தான். பல்பு மாற்றுகிறவர், கண்ணாடியைத் துடைக்கிறவர், பெயிண்டர், ஒட்டடை அடிக்கிறவர், நான் எல்லோரும் அந்த உலோகத்தைத் தொடுகிறோம். அதுவும் எப்படி? இரண்டு கையையும் தூக்கி, உடம்பு சமநிலை இல்லாமல், பெரும்பாலும் இன்னொரு கையில் எதையாவது பிடித்துக்கொண்டு. தரையில் நிற்பவருக்கு ஒரு சின்ன ஷாக் அடித்தால் கையை உதறிக்கொண்டு திட்டுவார். ஸ்டூல் மேல் நிற்பவருக்கு அதே ஷாக் அடித்தால் விழுவார்.

ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் அப்படித்தான் விழுந்தார். கூடத்து விளக்கின் பித்தளை வளையத்தைத் துடைக்கப்போய் ஷாக் அடித்து, ஸ்டூலிலிருந்து சரிந்து இடுப்பெலும்பு முறிந்தது. மின்சாரம் அவரைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, தரைதான் செய்தது. இப்படிப்பட்ட விபத்துகள் "கீழே விழுந்தார்" என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன, மின்விபத்தாக யாரும் எண்ணுவதில்லை. அந்த விளக்கை நான்தான் கழற்றினேன். மேல்கப்பின் விளிம்புக்கும் சீலிங்குக்கும் நடுவே, மின்சாரம் வரும் பேஸ் வயர் மாட்டி நசுங்கி, தோல் உரிந்து, செம்பு கப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. விளக்கோடு வந்த பச்சை வயரை ஒட்ட நறுக்கியிருந்தார்கள்.

நறுக்கியவரைத் திட்டுவது சுலபம். நானும் முதலில் அவரைத்தான் நினைத்தேன். பிறகு சீலிங் பாக்ஸைப் பார்த்தால் இரண்டே வயர். அந்தப் பச்சை வயரைச் சேர்க்க மேலே எதுவுமே இல்லை. தொங்கவிட்டால் எங்காவது உரசும் என்று வெட்டியிருக்கிறார். வரைபடத்தில் நீங்கள் போடும் ஒரு குறிப்பு பல வருடம் கழித்து ஒரு கட்டிங் பிளேயரின் வாயில் போய் முடிவது இப்படித்தான்.

இந்தப் பழுதில் மோசமான விஷயம், அது தன்னைக் காட்டிக்கொள்வதே இல்லை. பேஸ் வயர் உலோகத்தைத் தொட்டாலும் விளக்கு வழக்கம்போல் எரியும். மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து சுற்றை அறுக்கும் எம்.சி.பி.யும் விழாது. மின்சாரம் பாய ஒரு வழி வேண்டும்; எர்த் இல்லாத உலோகத்தில் வழி இல்லை, அதனால் 230 வோல்ட்டும் அப்படியே நின்று காத்திருக்கும், யாராவது தொடும்வரை. தொட்டால் அந்த ஆள்தான் வழி. உடம்பின் தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று வைத்தால் 230 மில்லியாம்பியர். 30 மில்லியாம்பியரைத் தாண்டினாலே ஆபத்து என்பதால்தான் மின்சாரம் கசிந்தால் சுற்றை அறுத்து ஆளைக் காக்கும் ஆர்.சி.சி.பி.களை அந்த அளவுக்கு அமைக்கிறார்கள். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பே ஏறக்குறைய 40 மில்லியாம்பியர் எடுக்கும். ஆளைக் கொல்லத் தேவையான மின்னோட்டம் விளக்கு எரிய ஆகும் மின்னோட்டத்தின் அளவில்தான் இருக்கிறது. அவ்வளவு சிறியதை எம்.சி.பி. எப்படிக் கண்டுபிடிக்கும்?

எர்த் இருந்தால் என்ன நடக்கும் என்றும் பார்ப்போம். பேஸ் உலோகத்தைத் தொட்ட கணமே எர்த் வயர் வழியாகத் திரும்பிப் பாயும். அந்தச் சுற்றின் மொத்தத் தடை 1 ஓம் என்றால் 230 ஆம்பியர். விளக்குச் சுற்றில் இருக்கும் 6 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனடியாக விழ 60 ஆம்பியர் போதும். யாரும் ஏணி வைக்குமுன்பே சுற்று அறுந்துவிடும். பழுது இருக்கிறது என்பது வீட்டிலுள்ளவர்களுக்கும் தெரிந்துவிடும். எர்த் குழியின் தடை அதிகமாக உள்ள இடங்களில் இவ்வளவு மின்னோட்டம் கிடைக்காது, எம்.சி.பி. மட்டும் போதாது, அங்கே எர்த்தோடு ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

"அதான் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறோமே, எர்த் எதற்கு?" இது உங்களில் படித்தவர்கள் கேட்கும் கேள்வி. ஆர்.சி.சி.பி. நல்லது, போடுங்கள். ஆனால் அது கசியும் மின்னோட்டத்தைப் பார்த்து விழும் கருவி. எர்த் இருந்தால் பழுது வந்தவுடனே கசிவு எர்த்தில் போகும், அது விழும். எர்த் இல்லாவிட்டால் கசிவு போக வழியே இல்லை. ஒரு ஆள் தொட்டு, அவர் உடம்பு வழியாகப் பாய்ந்த பிறகுதான் விழும். ஸ்டூல் மேல் நிற்பவர் பெரும்பாலும் ஷாக்கில் சாகமாட்டார், ஆனால் உதறலில் விழுவார்.

சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடலாம் என்ற ஆறுதலும் வேண்டாம். சுவிட்சை நியூட்ரலில் போட்ட வீடுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அங்கே விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டர்வரை பேஸ் உயிரோடு இருக்கும். சில வயரிங் முறைகளில் சுவிட்ச் வழியாக வராத நிரந்தர பேஸ் சீலிங் பாக்ஸுக்குள்ளேயே ஜாயிண்ட் ஆகி அடுத்த பாயிண்டுக்குப் போகும். சுவிட்ச் சரியாக இருந்தாலும் அந்த பேஸ் அணையாது.

அடுத்து எல்.இ.டி. "இப்போதெல்லாம் எல்.இ.டி., குறைந்த வோல்ட்" என்கிறார்கள். சில்லுக்குப் போவதுதான் குறைந்த வோல்ட். விளக்குக்குள் உட்கார்ந்து வோல்ட்டைக் குறைக்கும் டிரைவர் என்ற சர்க்யூட்டுக்கு வருவது அதே 230. எர்த் வேண்டும் என்று வடிவமைத்த பல டிரைவர்களில் மின்இரைச்சலை வடிகட்ட பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்குச் சின்னக் கப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அவற்றின் கசிவு எர்த்தில் இறங்க வேண்டும். எர்த் இல்லாதபோது உடல் பாதி வோல்ட்டில் மிதக்கும்: 230-இல் ஏறக்குறைய 115. தொட்டால் சுள்ளென்று ஒரு கூச்சம், டெஸ்டர் வைத்தால் மினுக் என்று எரியும். மின்னோட்டம் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவாகவே இருக்கும், ஆபத்தில்லை. ஆனால் அதனால் வரும் பழக்கம் ஆபத்து. "இந்த லைட் எப்பவும் லேசா அடிக்கும்" என்று வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். நிஜமாகவே பேஸ் தொட்டிருக்கும் நாளிலும் இதே நினைப்போடுதான் கையை வைப்பார்கள்.

எல்லா விளக்குக்கும் எர்த் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் உள்ள இரட்டைக் காப்பு விளக்குகளுக்கு, அதாவது வகுப்பு 2 விளக்குகளுக்கு, எர்த் தேவையில்லை, கொடுக்கவும் கூடாது. எர்த் இல்லாத பழைய வீடுகளில் நான் அவற்றைத்தான் மாட்டச் சொல்கிறேன். ஆனால் பாயிண்ட் போடும் அன்று நாளை அங்கே எந்த விளக்கு தொங்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? இன்று பிளாஸ்டிக் பேட்டன். பத்து வருடம் கழித்து வேறொருவர் உலோகச் சரவிளக்கு வாங்கி வருவார். பிரிட்டனின் வயரிங் விதிநூலான பி.எஸ். 7671 இந்தக் காரணத்தால்தான் மாட்டப்போகும் விளக்கைப் பார்க்காமல் ஒவ்வொரு பாயிண்டுக்கும் எர்த் கொண்டுபோய் முடிக்கச் சொல்கிறது. வெறும் பிளாஸ்டிக் ஹோல்டர் தொங்கும் நுனிக்கு மட்டும்தான் விலக்கு. அங்கே 1966 வரை விளக்குச் சுற்றுகளுக்கு எர்த் கட்டாயமாக இல்லை. அதற்கு முன் வயரிங் செய்த வீடுகளில் உலோக விளக்கு மாட்டுவது இன்னும் ஒரு தலைவலியாக இருக்கிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி., 2017-இல் தன் 60364 விதித்தொகுப்பைத் திருத்தியபோது, வீடுகளில் விளக்குச் சுற்றுகளுக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி. (ஆர்.சி.சி.பி. இந்த வகைக் கருவிதான்) பாதுகாப்பு வேண்டும் என்று சேர்த்தது. உலகம் விளக்குச் சுற்றில் பாதுகாப்பைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்டுக் குறைக்கிறீர்கள்.

இனி விளக்கு தயாரிப்பவர்களிடம். மேலே மூன்று வயரும் சரியாக வந்திருக்கும் இடத்திலும் உங்கள் பெட்டியைப் பிரித்தால் எனக்குப் பாதி வேலை கெடுகிறது. எர்த் வயரை ஒரு திருகில் மாட்டிவிட்டால் விளக்கு முழுக்க எர்த் ஆகிவிட்டது என்று நீங்கள் நினைப்பதுபோல் தெரிகிறது. ஒரு சீலிங் விளக்கில் எத்தனை உலோகத் துண்டுகள்! சீலிங்கில் திருகும் பட்டி, அதன்மேல் உட்காரும் கப், தண்டு அல்லது சங்கிலி, உடல், கண்ணாடியைத் தாங்கும் வளையம், சாய்க்கும் கைகள். எர்த் திருகு பட்டியில் இருக்கிறது. கப் பட்டியோடு சேர்வது இரண்டு அலங்காரக் குமிழ் நட்டுகளால். பட்டியில் பவுடர் பெயிண்ட், கப்பில் வார்னிஷ், நட்டின் அடியில் பிளாஸ்டிக் வாஷர். பார்வைக்கு எல்லாம் ஒரே உலோகம். மல்டிமீட்டர் வைத்தால் பட்டிக்கும் கப்புக்கும் தொடர்பே இல்லை. மனிதர்கள் தொடுவது பட்டியை இல்லை, கப்பை.

இதற்கு மருந்து சாதாரணமானது. எர்த் திருகு உட்காரும் இடத்தில் பெயிண்ட் அடிக்காமல் விடுங்கள், இல்லையென்றால் பெயிண்டைக் கடித்து உள்ளே இறங்கும் ஸ்டார் வாஷர் வையுங்கள். கப்புக்குள் வயர் மாட்ட ஒரு லக் வைத்து, பட்டிக்கும் கப்புக்கும் ஒரு சாண் பச்சை வயர் போட்டே அனுப்புங்கள். சரவிளக்கில் சங்கிலியை நம்பாதீர்கள். கண்ணிகள் ஒன்றையொன்று லேசாகத்தான் தொடுகின்றன, களிம்பு ஏறினால் அதுவும் இல்லை. சங்கிலியில் சுற்றிவரும் வயரில் எர்த்தும் மேலிருந்து கீழ்வரை வர வேண்டும். சாயும், திரும்பும் மூட்டுகளைத் தாண்டியும் தொடர்பு இருக்கிறதா என்று தொழிற்சாலையிலேயே பாருங்கள். விளக்குகளுக்கான ஐ.இ.சி. 60598 தரத்தில் இதற்கென்றே சோதனை இருக்கிறது: 12 வோல்ட்டுக்கு மேல் போகாத மூலத்திலிருந்து குறைந்தது 10 ஆம்பியரை எர்த் முனைக்கும், தொடக்கூடிய ஒவ்வொரு உலோகப் பாகத்துக்கும் இடையே பாய்ச்ச வேண்டும், தடை 0.5 ஓமைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு பாகத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். நான் கழற்றிய பல விளக்குகள் இந்தச் சோதனையைத் தாண்டியிருக்க வாய்ப்பே இல்லை.

பச்சை வயரின் நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேஸ், நியூட்ரலைவிட எர்த் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். விளக்கு கழன்று தொங்கினாலோ யாராவது இழுத்தாலோ முதலில் பிடுங்கிக்கொண்டு வருவது பேஸாகவும், கடைசிவரை பிடித்திருப்பது எர்த்தாகவும் இருப்பதற்கு. உங்களில் பலர் எர்த்தைத்தான் எல்லாவற்றிலும் குட்டையாக விடுகிறீர்கள். அந்த அரைச்சாண் வயரை பாக்ஸ் ஜாயிண்டில் எட்டவைக்க மேலே கழுத்தை நிமிர்த்தி நான் படும் பாட்டை நீங்கள் ஒருநாள் ஏணி ஏறிப் பார்க்கலாம்.

விளக்கத்தாளில் "எர்த் இல்லையெனில் பச்சை வயரை விட்டுவிடலாம்" என்ற பொருளில் அச்சடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எர்த் தேவையில்லாத வடிவமைப்பு என்றால் வயரே ஏன் வைத்தீர்கள்? தேவை என்றால் விட்டுவிடலாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

எர்த் இல்லாத சீலிங்கில் எர்த் கேட்கும் விளக்கைக் கொடுத்தால், களத்தில் இருக்கிறவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வெட்டிவிடுவதுகூடப் பரவாயில்லை. பச்சை வயரை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். சோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டும். பின்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் பல்பின் வழியாக வரும் பேஸ் நேராக விளக்கின் உடலில் ஏறும். எந்தப் பழுதும் இல்லாத விளக்கு, இப்படிப் போலி எர்த் கொடுத்ததாலேயே ஷாக் அடிக்கும். இன்னொன்று, பச்சை வயரை ஃபால்ஸ் சீலிங்கின் இரும்புச் சட்டத்தில் திருகுவது. அந்தச் சட்டம் எதனோடும் எர்த் ஆகியிருக்காது. ஒரு விளக்கின் பழுது சீலிங் முழுவதற்கும் பரவி, ஏ.சி. மெக்கானிக் கையை விட்டுத் துழாவும் இடமெல்லாம் பேஸ் ஆகிவிடும். இரண்டையும் நான் கழற்றியிருக்கிறேன். செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பச்சை வயரை எங்காவது சேர்க்க வேண்டும் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

மேற்பார்வையாளர்களே, நீங்கள் சரிபார்க்கும் முறையையும் மாற்ற வேண்டும். சுவிட்ச் போட்டு விளக்கு எரிந்தால் டிக் அடிக்கிறீர்கள். எர்த் இல்லாத விளக்கும் அதே வெளிச்சத்தைத்தான் தரும். டெஸ்டர் எரியவில்லை என்பதும் சான்றாகாது. இன்று பழுது இல்லை என்பதை மட்டும் அது சொல்லும். டிஜிட்டல் மல்டிமீட்டரை பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்து 230 காட்டுகிறது என்று திருப்திப்படுவதும் தவறு. மீட்டரின் உள்தடை மிக அதிகம். துருப்பிடித்த, நூலிழையில் தொங்கும் ஜாயிண்ட்கூட அதற்குப் போதும், பழுது மின்னோட்டத்துக்குப் போதாது. மெயினை அணைத்து, போர்டின் எர்த் பாரிலிருந்து விளக்கின் கப், உடல், வளையம் ஒவ்வொன்றுக்கும் நீண்ட வயர் வைத்துத் தடை பாருங்கள். பிறகு மின்சாரம் கொடுத்து லூப் டெஸ்டரால் சுற்றின் தடையை அளந்து எழுதிவையுங்கள்.

ஆகவே நான் கேட்பவை. ஒப்பந்ததாரர்களும் வடிவமைப்பவர்களும் அந்த இரண்டு வயர் குறிப்பைத் திரும்பப் பெற வேண்டும். சுவிட்ச் பாக்ஸ் உட்பட எல்லா லைட் பாயிண்டுக்கும் எர்த் இழுத்து, விளக்கு இல்லாவிட்டாலும் பாக்ஸுக்குள் ஒரு கனெக்டரில் முடித்துவைக்க வேண்டும். பாக்ஸ் உலோகமாக இருந்தால் அதற்குத் தனியாக ஒரு துண்டு வயரும், விளக்குக்குத் தனியாக ஒன்றும் அந்த ஜாயிண்டிலிருந்து போகட்டும். விளக்கைக் கழற்றினால் பாக்ஸின் எர்த்தோ அடுத்த பாயிண்டின் எர்த்தோ அறுந்துபோகக் கூடாது. ஏற்கெனவே இரண்டு வயரோடு முடித்துக் கொடுத்த கட்டடங்களில் குடியிருப்பவர்களுக்கு அதை எழுத்தில் சொல்லுங்கள், வகுப்பு 2 விளக்கு மட்டுமே மாட்டலாம் என்ற எச்சரிக்கையை போர்டிலேயே ஒட்டுங்கள்.

தயாரிப்பாளர்கள், தொடக்கூடிய எல்லா உலோகத்தையும் எர்த் முனையோடு சேர்த்துச் சோதித்த பிறகே பெட்டியில் அடைக்க வேண்டும். எர்த் தேவைப்படும் விளக்கின், அதாவது வகுப்பு 1 விளக்கின் பெட்டியில், வாங்குகிறவர் கடையிலேயே படிக்கும் அளவு எழுத்தில், "எர்த் உள்ள பாயிண்டில் மட்டும் மாட்டவும்" என்று அச்சிடுங்கள். விளக்கத்தாளில் பச்சை வயரை விட்டுவிடலாம் என்ற வரியை நீக்குங்கள்.

மேற்பார்வையாளர்கள், எர்த் தொடர்பின் அளவு எழுதப்படாத எந்த விளக்குக்கும் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டாம். பச்சை வயரை வெட்டச் சொன்னால் மறுக்கும் வயர்மேனை வேலையிலிருந்து நிறுத்தவும் வேண்டாம். என் கட்டடத்தைப் பொறுத்தவரை, திருத்திய வரைபடம் கையெழுத்தோடு வரும்வரை லைட் பைப்புகளில் வயர் இழுக்கும் வேலையை நான் தொடங்கப்போவதில்லை. பதிலை எழுத்திலேயே தாருங்கள்.

இப்படிக்கு,
விளக்கு மாட்டும் ஒரு வயர்மேன்